'சோசல் சேர்விஸ்' வேலை என்றால் என்ன? இங்கிலாந்துக் கவுன்சில்களில் மனநலமும் குடும்பமும்

கவுன்சில் என்ற உள்ளூராட்சி மன்றத்தின் சமூக சேவைப் பிரிவைத்தான் 'சோசல் சேர்விஸ்' என்கிறோம், லண்டன் தமிழர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மாறிவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், வீட்டுக்குள் வந்து குசினி அலுமாரியைத் திறந்து பார்ப்பார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளை எதையாவது வாய் தவறிச் சொன்னால் பின்னேரமே கதவைத் தட்டுவார்கள். ஹரோ, ரெட்பிரிட்ஜ், குரோய்டன், எங்கே போனாலும் இதே பேச்சுதான். இந்தப் பயம் இருக்கும்வரை நம் வீட்டுப் பிள்ளைகள் மருந்தகம், கணக்கியல், ஐடி என்று போவார்களே தவிர, கவுன்சிலின் மனநலப் பிரிவிலோ குடும்பப் பிரிவிலோ வேலைக்குப் போகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் வீட்டில் சந்தோஷப்பட ஆள் இருக்காது. என்னைக் கேட்டால், சட்டம் ஒரு சாதாரண உத்தியோகத்தருக்குக் கொடுத்திருக்கும் மிகக் கனமான பொறுப்புகளில் ஒன்று இந்த வேலையில்தான் இருக்கிறது. அது என்ன பொறுப்பு, ஏன் கவுன்சில்காரரிடம் போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்தால் பயமும் கொஞ்சம் குறையும், வேலையின் மீது மரியாதையும் வரும்.

முதலில் மனநலப் பக்கத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மனநல வைத்தியசாலையில் சேர்க்க வேண்டுமானால், 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி வழக்கமாக இரண்டு வைத்தியர்கள் அவரைப் பார்த்துப் பரிந்துரை எழுத வேண்டும். அவர்களில் ஒருவராவது மனநோயில் தனி அனுபவம் உள்ளவர் என்று அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். நம்மவர்கள் 'செக்சன் பண்ணிட்டாங்கள்' என்று சொல்வது இதைத்தான். பலருக்குத் தெரியாத விஷயம், அந்த இரண்டு பேரும் எழுதிக் கொடுப்பது வெறும் பரிந்துரை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு ஆளை வைத்தியசாலைக்கு அனுப்பும் அதிகாரம் மூன்றாவது ஒருவரிடம் இருக்கிறது, அவர் வைத்தியராக இருக்கவே கூடாது. பெரும்பாலும் அவர் கவுன்சிலில் வேலை செய்யும் சோசல் வேர்க்கர், அதாவது சமூகப் பணியாளர். அங்கீகரிக்கப்பட்ட மனநலப் பணியாளர் என்று தமிழில் சொல்லலாம், வேலையிடத்தில் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆம்ப்' என்றே கூப்பிடுவார்கள். சட்டப்படி நெருங்கிய உறவினரும் விண்ணப்பம் கொடுக்கலாம், நடைமுறையில் அது அரிது. ஆகவே இரண்டு வைத்தியர்கள் 'சேர்க்கத்தான் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்த பிறகும், ஆம்ப் 'தேவையில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்க்க வழி இருக்கிறது' என்று முடிவெடுத்தால் அங்கேயே நின்றுவிடும். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கவுன்சில்கூட 'கையெழுத்துப் போடு' என்றோ 'போடாதே' என்றோ உத்தரவிட முடியாது. முடிவு அவருடைய சொந்த முடிவு.

இப்படி ஓர் ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் ஒருவரைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்க நீதவானின் உத்தரவு வேண்டும். ஏழை என்றால் ஊரின் வறியோர் நிவாரண அலுவலர்தான் அவரை நீதவானிடம் கொண்டுபோவார். 1959இல் வந்த சட்டம் நீதவானை எடுத்துவிட்டு, இதை நோய், சிகிச்சை என்ற கண்ணோடு பார்க்கச் சொன்னது. நல்ல நோக்கம்தான், ஆனால் அதிகாரத்தின் பெரும்பகுதி வைத்தியர் பக்கம் சாய்ந்துவிட்டது. 1970களில் 'மைண்ட்' என்ற மனநலத் தொண்டு அமைப்பு நோயாளிகளின் உரிமைக்காகப் பலமாகக் குரல் கொடுத்தது. ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும்போது அவனுடைய மூளையை மட்டும் பார்த்தால் போதுமா, வீட்டில் யார் இருக்கிறார்கள், வேலை போனதா, வாடகை நிலுவையா, யாருடனாவது சண்டையா, இதையெல்லாம் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தனிப் பயிற்சி பெற்ற சோசல் வேர்க்கரை அந்த இடத்தில் உட்கார வைத்தது. 2008 நவம்பரில் இருந்து தாதியர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோரும் இந்தப் பயிற்சியை எடுத்து ஆம்ப் ஆகலாம் என்று கதவைத் திறந்தார்கள். அப்படியும் இன்றுவரை பெரும்பான்மை சோசல் வேர்க்கர்கள்தான், அங்கீகாரம் கொடுப்பதும் கவுன்சில்தான்.

ஒரு நாள் வேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு குடும்ப வைத்தியரிடமிருந்து கோல் வருகிறது என்று வையுங்கள். ஐம்பது வயதுப் பெண், தனியாக ஃபிளாட்டில் இருக்கிறார், சில நாட்களாகச் சாப்பிடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாக விஷவாயு அனுப்புகிறார் என்று சொல்கிறார். ஆம்ப் முதலில் பழைய பதிவுகளைப் படிப்பார், குடும்பத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் போன் எடுப்பார், இரண்டு வைத்தியர்களை ஒரே நேரத்துக்கு வரவழைக்கத் தலையால் தண்ணி குடிப்பார். கதவைத் திறக்கவே மாட்டார் என்று தெரிந்தால் நீதவான் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்து உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும், பொலிஸும் கூட வர வேண்டும். உள்ளே போனால் 'தகுந்த முறையில்' அவரோடு பேச வேண்டும், இது சட்டத்திலேயே உள்ள கட்டளை. அதாவது அவருக்குக் காது கேட்காவிட்டால் சைகை மொழி, ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர், பயத்தில் இருந்தால் பொறுமை. பேசி முடித்து, இரண்டு பரிந்துரையும் கையில் வந்து, வேறு வழியே இல்லை என்று தனக்கே உறுதியானால்தான் விண்ணப்பம். செக்சன் 2, அதாவது சட்டத்தின் 2ஆம் பிரிவு, என்றால் கூடியது 28 நாள், நோயைக் கண்டறிவதற்கு. செக்சன் 3 என்றால் சிகிச்சைக்கு, முதலில் 6 மாதம் வரை, பிறகு நீட்டிக்கலாம்.

கையெழுத்தோடு வேலை முடிவதில்லை. வைத்தியசாலைக் கட்டில் கிடைக்க வேண்டும், அம்புலன்ஸ் வர வேண்டும், இந்த இரண்டுக்கும் காத்திருந்து இரவு பத்து மணி ஆவது ஒன்றும் அதிசயமில்லை. காஸ் அடுப்பு நிறுத்தியிருக்கிறதா, ஜன்னல் பூட்டியிருக்கிறதா, திறப்பு யாரிடம் என்று பார்ப்பதும் இவர் தலையில்தான் விழும். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, வைத்தியசாலையில் சேர்ந்தவரின் உடைமைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்றால் கவுன்சில்தான் பாதுகாக்க வேண்டும் என்கிறது. வளர்ப்புப் பிராணியும் அதில் அடக்கம். பூனைக்கு ஓர் இடம் கிடைக்காமல் அந்தப் பெண் வண்டியில் ஏற மறுத்தால், அந்தப் பூனைக்கு இடம் தேடுவதும் இந்த வேலையின் பகுதிதான். எனக்கு இந்தச் சட்டப்பிரிவு மிகவும் பிடிக்கும். ஆளைக் கொண்டுபோகிறவரே அவர் திரும்பி வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் குடும்பங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் 'நெருங்கிய உறவினர்' என்று ஒருவர் இருக்கிறார், அவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, சட்டத்தில் உள்ள வரிசைதான் முடிவு செய்கிறது. கணவன் அல்லது மனைவி, அப்புறம் பிள்ளைகள், அப்புறம் தாய் தகப்பன், அப்புறம் சகோதரர்கள் என்று அது இறங்கும். ஒரே படியில் பலர் இருந்தால் வயதில் மூத்தவர். கூட இருப்பவருக்கும் பராமரிப்பவருக்கும் முன்னுரிமை உண்டு. இங்கே குடியிருக்கும் நோயாளிக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அப்பா இந்த வரிசையில் வரமாட்டார். அண்ணியோ அத்தானோ எவ்வளவு தூரம் குடும்பத்தைத் தாங்கினாலும், நீண்ட காலம் ஒரே வீட்டில் இருந்தால் ஒழிய, சட்டத்தின் கண்ணில் அவர்கள் உறவினரே இல்லை. இந்த நெருங்கிய உறவினர் எதிர்த்தால் செக்சன் 3 போட முடியாது, எதிர்ப்பு நியாயமற்றது என்று நினைத்தால் ஆம்ப் நீதிமன்றம் போய் அவரை மாற்றக் கேட்க வேண்டும். அதே உறவினர் 'என் மகனைப் போய்ப் பாருங்கள்' என்று கேட்டால் கவுன்சில் ஓர் ஆம்ப்பிடம் அதைப் பரிசீலிக்கக் கொடுத்தே ஆக வேண்டும், சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாதக்கணக்காகக் குடும்ப வைத்தியருக்கு அலைந்து களைத்த எத்தனையோ அம்மாக்களுக்கு இந்தக் கதவு இருப்பதே தெரியாது. மனநல வைத்தியர் சைமன் வெஸ்லி தலைமையில் இந்தச் சட்டத்தைப் பற்றி நடந்த ஆய்வு 2018 டிசம்பரில், இந்த வரிசைக்குப் பதிலாக நோயாளியே ஒருவரை நியமிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2024 நவம்பரில் அதற்கான மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அந்த மாற்றம் நடைமுறைக்கு வரும்வரை பழைய வரிசைதான் ஆளும்.

மொழிபெயர்ப்பையும் சொல்ல வேண்டும். குடும்பத்தவரை மொழிபெயர்க்க வைப்பதை நல்ல ஆம்ப் தவிர்ப்பார். அப்பா 'செத்துப் போனால் நல்லது' என்று சொன்னதை மகன் 'அவருக்குக் கொஞ்சம் மனக்கவலை' என்று மாற்றிச் சொல்லுவான், அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு அது அப்பா. மனைவி சொல்ல வந்த அடி உதையைக் கணவனே மொழிபெயர்த்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் அந்த அறையில் இருப்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை இந்த இடத்தில்தான் உணர முடியும். இங்கிலாந்தில் கறுப்பினத்தவர்கள் வெள்ளையர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இந்தச் சட்டத்தின் கீழ் அடைக்கப்படுகிறார்கள். அறைக்குள் யார் இருக்கிறார், யாரைப் பார்த்து யார் பயப்படுகிறார் என்பதெல்லாம் இந்த வேலையில் சின்ன விஷயங்கள் இல்லை.

சரி, குடும்பப் பக்கம். 1968இல் கவுன்சில்களின் சமூக சேவைகளை ஆராய்ந்த சீபோம் குழுவின் அறிக்கை வந்தது. பிள்ளைக்கு ஓர் அலுவலகம், முதியவருக்கு ஓர் அலுவலகம், மனநோயாளிக்கு இன்னோர் அலுவலகம் என்று அலையவிடாமல், ஒரு குடும்பத்துக்கு ஒரே வாசல் வேண்டும் என்று அது சொன்னது. 1970இல் சட்டமாகி, 1971இல் கவுன்சில்கள்தோறும் சோசல் சேர்விஸ் திணைக்களங்கள் திறந்தன. அந்தப் பெயர்தான் நம் வாயில் இன்னும் நிற்கிறது. ஆனால் அந்த ஒரே வாசல் இப்போது இல்லை. 2000 பெப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி வடக்கு லண்டனில் தன்னை வளர்த்தவர்களின் கொடுமையில் இறந்தாள். கவுன்சில்கள், வைத்தியசாலைகள், பொலிஸ் எல்லோரும் அவளை ஏதோ ஒரு கட்டத்தில் பார்த்திருந்தார்கள். அவள் மரணத்தை விசாரித்த லார்ட் லேமிங் 2003இல் கொடுத்த அறிக்கையில் 108 பரிந்துரைகள் இருந்தன. அதைத் தொடர்ந்து வந்த 2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் ஒவ்வொரு கவுன்சிலிலும் பிள்ளைகளுக்கென்று தனிப் பணிப்பாளரை வைத்தது. பிள்ளைகள் ஒரு பக்கம், பெரியவர்கள் மறுபக்கம் என்று திணைக்களம் பிரிந்தது.

பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்ததால் கவனம் கூடியது உண்மைதான். ஆனால் தாய்க்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கடும் மனச்சோர்வு வந்து, தகப்பன் குடிக்கிற ஒரு வீட்டில், தாயைப் பார்க்க ஒருவர், பிள்ளையைப் பார்க்க இன்னொருவர், குடிக்கு மூன்றாவது இடம் என்றால், ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் போகும். இந்தப் பிளவை நான் இந்தத் துறையின் பெரிய புண்ணாகவே பார்க்கிறேன். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கவுன்சில் 2015இல் இதற்கு ஒரு வழி செய்தது. பிள்ளைகள் குழுவுக்குள்ளேயே பெரியவர்களின் மனநலம், குடி போதைப்பொருள், வீட்டு வன்முறை ஆகியவற்றில் தேர்ந்தவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்து, எல்லோரும் ஒரே பதிவேட்டில் எழுத வைத்தார்கள். பெற்றோரை அதட்டாமல் அவர்கள் வாயாலேயே மாற்றத்துக்கான காரணத்தை வரவழைக்கும் பேச்சுமுறையிலும் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு வேறு கவுன்சில்களும் இதைப் பின்பற்றத் தொடங்கின. இன்னொன்றையும் கவனித்தால், மாலை ஐந்து மணிக்குப் பிறகு பல கவுன்சில்களில் அவசர இரவுக் குழு ஒன்றே ஒன்றுதான், அதில் இருப்பவர் பிள்ளைக் கேஸையும் பார்ப்பார், ஆம்ப்பாகவும் போவார். பகலில் பிரித்தது இரவில் தன்பாட்டில் ஒட்டிக்கொள்கிறது.

இனி அந்தப் பயம். ஒரு சோசல் வேர்க்கர் தன் சொந்த அதிகாரத்தில் உங்கள் பிள்ளையை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. பெற்றோர் சம்மதிக்க வேண்டும், இல்லை நீதிமன்ற உத்தரவு வேண்டும். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைக்கலாம், நீதிமன்றத்தின் அவசர உத்தரவு முதலில் 8 நாள் வரைக்கும்தான். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவு உதவிக்கானது: தேவையுள்ள பிள்ளைக்கு, முடிந்தவரை சொந்தக் குடும்பத்தோடு வளரும்படி, கவுன்சில் உதவ வேண்டும் என்கிறது. அதே சிறுவர் சட்டத்தின் 47ஆம் பிரிவு விசாரணைக்கானது, கடுமையான தீங்கு என்று சந்தேகிக்கத் தகுந்த காரணம் இருந்தால் மட்டும். இங்கிலாந்தில் 2024 மார்ச் இறுதியில் 'தேவையுள்ள பிள்ளைகள்' என்று கவுன்சில் பதிவில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட 4 லட்சம். அவர்களில் கவுன்சில் பராமரிப்பில் இருந்தவர்கள் 83 ஆயிரத்துச் சொச்சம். மிச்சப் பெரும்பகுதி தங்கள் குடும்பத்தோடேயே இருந்தது, அங்கேயே உதவி போனது. தவறே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. கையால் சாப்பாடு ஊட்டுவதையும் பெற்றோரோடு ஒரே அறையில் படுப்பதையும் விளங்காமல் குறிப்பெழுதும் ஆட்கள் இருக்கலாம். அதைத் திருத்த, விளங்கிய ஆட்கள் உள்ளே இருக்க வேண்டும்.

உள்ளே இருப்பவர்களுக்கும் பயம் உண்டு. 2007 ஓகஸ்டில் வடக்கு லண்டன் ஹரிங்கேயில் பீட்டர் கொனலி என்ற 17 மாதக் குழந்தை இறந்தபோது, பத்திரிகைகள் கொன்றவர்களைவிடச் சோசல் வேர்க்கர்கள் மீதே அதிகம் பாய்ந்தன. அந்தக் கவுன்சிலின் பிள்ளைகள் பிரிவுப் பணிப்பாளர் ஷரன் ஷூஸ்மித் தொலைக்காட்சியில் அமைச்சர் அறிவித்ததோடு பதவியிழந்தார், அது முறையற்ற நீக்கம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு நீதிமன்றத்துக்குப் போகும் பராமரிப்பு வழக்குகள் ஏறின. ஒரு தவறு நடந்தால் தன் பெயர் பத்திரிகையில் வரும் என்று பயப்படும் மனிதர், பொறுத்துப் பார்ப்போம் என்று முடிவெடுக்கத் தயங்குவார். அதன் சுமையைக் குடும்பங்கள்தான் சுமக்கின்றன.

வேலைக்குள் எப்படிப் போவது? 'சோசல் வேர்க்கர்' என்ற பெயரைப் பட்டமும் பதிவும் இல்லாமல் பாவிக்கக் கூடாது, அது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். மூன்று வருடப் பட்டம், அல்லது வேறு பட்டம் முடித்தவர்களுக்கு வழக்கமாக இரண்டு வருட முதுகலை, அல்லது கவுன்சிலில் வேலை செய்துகொண்டே படிக்கும் அப்ரண்டிஸ்ஷிப். முடித்ததும் 'சோசல் வேர்க் இங்கிலாந்து' என்ற அமைப்பில் பதிய வேண்டும், 2019 டிசம்பரிலிருந்து பதிவு அவர்கள் கையில், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். சென்னையிலோ கொழும்பிலோ சமூகப்பணிப் பட்டம் எடுத்தவர்களும் தங்கள் படிப்பை மதிப்பிடச் சொல்லி அங்கே விண்ணப்பிக்கலாம். ஆம்ப் ஆவதற்கு இதெல்லாம் போதாது. சில வருடம் வேலை பார்த்து, கவுன்சில் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்த பிறகுதான் அங்கீகாரம், அதுவும் 5 வருடத்துக்கு. அதில் ஒவ்வொரு வருடமும் 18 மணி நேரம் மறுபயிற்சி கட்டாயம்.

பட்டம் இல்லாதவர்களுக்கும் வாசல் உண்டு, எனக்குத் தெரிந்து நம்மவர்கள் மிகக் குறைவாகவே தட்டும் வாசல் இது. குடும்ப உதவிப் பணியாளர், மனநல உதவிப் பணியாளர் என்று கவுன்சில் இணையத்தளங்களில் வேலைகள் வரும். குற்றப்பதிவுச் சோதனை கட்டாயம், வாகன உரிமம் பல இடங்களில் கேட்பார்கள். மற்றபடி காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்குப் போய், படுக்கையை விட்டு எழ முடியாத அம்மாவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தப் பழக்குவதும், கவுன்சில் வரிப் பாக்கிக்குத் தவணை கேட்டுப் போன் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. பத்து வருடம் வீட்டில் பிள்ளை வளர்த்த ஒரு பெண்ணுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். அதை அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதத்தான் நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022 செப்டெம்பரில் இங்கிலாந்தில் பிள்ளைகள் பக்கத்துச் சோசல் வேர்க்கர் பணியிடங்களில் ஐந்தில் ஒன்று காலியாகக் கிடந்தது. ஏஜென்சி ஆட்கள் வந்து வந்து போவார்கள், ஒரு குடும்பம் ஒரே வருடத்தில் மூன்று பேரிடம் முதலிலிருந்து கதை சொல்லும். சம்பளம் கௌரவமானது, ஓய்வூதியம் நல்லது, ஆனால் இரவு படுத்த பிறகும் கேஸ் தலைக்குள் ஓடும். ஆகவே கவுன்சில் வேலை கிடைத்தால் சம்பளத்தை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் நேர்முகத் தேர்விலேயே நான்கு விஷயம் கேளுங்கள்: எனக்கு எத்தனை குடும்பங்கள் தருவீர்கள், முதல் வருடத்தில் அது எவ்வளவு குறைவாக இருக்கும், மேலாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கேஸ்களைப் பேசுவார், இந்தக் குழுவில் இருந்து கடைசியாக வேலையை விட்டவர் ஏன் விட்டார். கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் மேலாளரிடம் வேலைக்குச் சேரலாம்.